கார் தெரியாதவர் டீலரிடம்தான் போக வேண்டும்

ஏப்ரல் பிறந்தால் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் வண்டிகள் விலைக்கு வரும். பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரியில் ஏறத்தாழ 45 வாரப் பயிற்சியை முடித்த அதிகாரிகள் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டுவார்கள். ஒருவருக்கு அசாம், இன்னொருவருக்கு ராஜஸ்தான். கட்டில், சைக்கிள், ஃபிரிட்ஜ், கார் என்று பலதும் இங்கேயே கைமாறும். பேக்கரி வாசலிலும் மளிகைக் கடைச் சுவரிலும் காகிதம் ஒட்டியிருக்கும். அந்த நாட்களில் இந்த ஊரில் கார் வாங்க நினைக்கும் எவருக்கும் கிடைப்பது ஒரே அறிவுரைதான். "ஆர்மி ஆபீசர் வண்டி சார், கண்ணை மூடிட்டு வாங்குங்க. நல்லா வண்டி தெரிஞ்ச ஆளு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. கோயம்புத்தூர் கன்சல்டிங் பக்கம் மட்டும் போயிடாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சா தலையில கட்டிடுவாங்க."

2019-இல் எனக்கும் இதையே சொன்னார்கள். சொன்னபடியே நடந்தேன். இன்று அந்த அறிவுரையை முழுவதுமாக மறுக்கிறேன். கார் தெரியாதவருக்கு ஆபத்தான இடம் என்று எல்லோரும் எதைக் காட்டுகிறார்களோ, கன்சல்டிங் என்று சொல்லப்படும் அந்த டீலர் கடைதான் அவருக்குப் பாதுகாப்பு தரக்கூடிய இடம். தெரியாது என்பதை மறைத்துக்கொண்டு போகக் கூடாது. வாசலிலேயே அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

முதலில் என் வண்டியின் கதை. நான் கார் ஓட்டுவேன். போனட்டைத் திறந்தால் டிப் ஸ்டிக்கைத் தவிர எதுவும் எனக்கு அடையாளம் தெரியாது. எனக்கு விற்றவர் நல்ல மனிதர். வீட்டுக்குள் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். வண்டி 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. துலக்கிக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தது. லாரி ஓட்டும் என் மச்சினனைக் கூட்டிப் போயிருந்தேன். அவன் ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுத்து, காதைச் சாய்த்துக் கேட்டான். பிளாக் பிரிட்ஜ் வரை ஓட்டிவிட்டு வந்தான். "மெஷின் பட்டு மாதிரி இருக்கு மச்சான், யோசிக்காதீங்க" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கியதும் முதலில் இடதுபக்கக் கண்ணாடி இறங்க மறுத்தது. ஒரு வாரம் கழித்து, நிறுத்தி வைத்த வண்டியில் ஹார்ன் தானாக அடித்தது. பிறகு ஒரு நாள் இரவு, காட்டேரிப் பக்கமிருந்து திரும்பி வரும்போது, வளைவின் நடுவில் ஹெட்லைட் இரண்டும் அணைந்துவிட்டன. கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. மனைவி கைபேசி விளக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொள்ள, பின் சீட்டில் பிள்ளை அழுதுகொண்டிருக்க, முதல் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தோம். அந்த இரவை நான் மறக்கவில்லை.

மறுநாள் குன்னூரில் ஒரு வயரிங் மெக்கானிக் முன் சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினார். சீட் நகரும் இரும்புப் பட்டையின் போல்ட்டுகள் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தன. விரிப்பின் மடிப்புக்குள் மாவுபோல மெல்லிய சாம்பல் நிற வண்டல் படிந்திருந்தது. அவர் அதை விரலில் எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். "இது நம்ம மலை மண்ணு இல்லீங்க சார். ஆத்துச் சேறு. வண்டி தண்ணியில நின்னுருக்கு."

கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பதிவு எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கைக் கேட்டேன். 2016 ஜனவரியில் டேஷ்போர்டு வயரிங் மாற்றியிருக்கிறார்கள், சீட் எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது சென்னையில் மூழ்கிய வண்டி அது. எனக்கு விற்றவர் அதை 2018-இல்தான் இன்னோர் அதிகாரியிடமிருந்து வாங்கியிருந்தார். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். வடகிழக்கில் ஏதோ ஓர் எல்லை ஊரில் இருந்தார். தனக்குத் தெரியவே தெரியாது என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அன்றும் அவரை நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

ஊர் சொல்லும் அறிவுரை இந்த இடத்தில்தான் உடைகிறது. நேர்மை வேறு, அறிவு வேறு. நேர்மையான மனிதர் தனக்குத் தெரிந்ததைத்தான் ஒளிக்காமல் சொல்ல முடியும். இரண்டு ஆண்டுக்கு ஓர் ஊர் என்று மாறிக்கொண்டிருக்கும் ஒருவர், தன்னைப்போலவே மாறிக்கொண்டிருந்த இன்னொருவரிடம் வாங்கிய வண்டியைப் பற்றி எவ்வளவு தெரிந்துவைத்திருக்க முடியும்? ஜோத்பூர் மணலில் அது என்ன பட்டது, சென்னை வெள்ளத்தில் என்ன பட்டது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ராணுவத்தார் மீது நமக்கு இருக்கும் மரியாதையை அவர்கள் ஓட்டிய வண்டியின் மீதும் ஏற்றிவைக்கிறோம். அந்த மரியாதை வண்டியின் வயரிங்கிற்குள் போகாது.

விஷயம் அதோடு முடியவில்லை. எனக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு நான் யாரைக் கேட்பது? ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தை எடுத்து 16-ஆவது பிரிவை வாசித்துக் காட்டினார். பொருளின் தரத்துக்கு விற்றவர் பொறுப்பல்ல, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் அங்கே பொது விதி. அதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் முக்கியமானவை இரண்டு. வாங்குபவர் தன் தேவை இன்னது என்று தெரியப்படுத்தி, விற்பவரின் திறமையையும் தீர்ப்பையும் நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு நியாயமான அளவில் பொருந்தியிருக்க வேண்டும். விவரம் சொல்லி விற்ற பொருள் விற்பனைக்கு உரிய தரத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டு விலக்கும் எப்போது பொருந்தும்? விற்பவர் அந்தப் பொருளை வியாபாரம் செய்பவராக இருந்தால் மட்டும். தன் சொந்தக் காரை விற்றுவிட்டு ஊருக்குப் போகும் ஒரு தனிமனிதர் கார் வியாபாரி அல்ல. ஆகவே என் வழக்கில் பொது விதிதான். நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது, அந்தச் சட்டமும் வியாபாரியைத்தான் பிடிக்கும். அவர் பொய் சொன்னார் என்று நிரூபித்தால் வேறு வழி உண்டு. அவரோ பொய் சொல்லவில்லை.

"நேரா ஓனர்கிட்ட வாங்கு" என்று சொல்பவர்கள் இதை யோசித்திருப்பார்களா? வண்டி தெரிந்தவருக்கு அந்த அறிவுரை பொருந்தலாம். அவர் தன் கண்ணை நம்பி வாங்குகிறார், டீலருக்குப் போகும் லாபம் அவருக்கு மிச்சம். தெரியாதவருக்குத் தன் கண் உதவாது. விற்றவரைப் பிடித்துக் கேட்கும் உரிமை ஒன்றுதான் அவருக்கு இருக்கும் ஆதரவு. அதைக் கொண்டுபோய் எறிந்துவிட்டு வா என்பதைத்தான் நல்ல மனதோடு நாம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அறிவுரையின் இன்னொரு பாதி, "தெரிஞ்சவரைக் கூட்டிட்டுப் போ" என்பது. இதன் ஆபத்து இன்னும் பெரியது, ஏனென்றால் இது மிகவும் நியாயமாகத் தோன்றுகிறது. அதே 16-ஆவது பிரிவின் தரம் பற்றிய விலக்கில் ஒரு கடைசி வரி இருக்கிறது. வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கடை வாசலில் மச்சினன் ரேஸ் கொடுத்துக் கேட்கும் அந்த இரண்டு நிமிடம், பிறகு டீலரின் வாயில் எப்படி மாறும்? "உங்க ஆளுதானே பார்த்தாரு, ஓட்டினாரு, ஓகே சொன்னாரு." நம் பக்கம் நிற்க அழைத்துப்போன ஆள் அவர் பக்கத்துச் சாட்சியாகிவிடுகிறார். உறவுக்காரர் என்பதால் நாம் அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது. என் மச்சினன் அடுத்த ஆறு மாதம் என் வீட்டுக்கு வரவே கூச்சப்பட்டான்.

மெக்கானிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் பார்க்கும் இடமும் முறையும் மாற வேண்டும் என்கிறேன். கூலி கொடுத்து, அவருடைய பட்டறைக்கே வண்டியைக் கொண்டுபோய், மேலே தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பார்த்ததைக் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். எழுதியதை டீலரிடம் காட்டி, அதைச் சரி செய்த பிறகு விலை பேச வேண்டும். தெரிந்தவர் ஒருவர் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்து காதால் கேட்பது பரிசோதனை ஆகாது.

கடைசி நேரத்தில் டீலர் நீட்டும் டெலிவரி நோட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2025 பிப்ரவரியில் இரண்டாவது முறை வண்டி தேடிக் கோவையில் அலைந்தபோது அப்படிப்பட்ட மூன்று காகிதங்களைப் படித்தேன். மேலே பிள்ளையார் சுழி, கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டக் கட்டம். நடுவில், இந்தத் தேதி இத்தனை மணி முதல் வண்டியால் வரும் வழக்குகளுக்கு நானே பொறுப்பு என்று ஒரு வரி. அது நியாயமான வரி. அதற்கு அடுத்த வரிதான் விஷம்: வண்டியை நன்றாகச் சோதித்து, ஓட்டிப் பார்த்து, உள்ளது உள்ளபடி திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன். சட்டம் தானாகத் தரும் பாதுகாப்பை இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு நீக்கிவிடலாம் என்று அதே 1930 சட்டத்தின் 62-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் நீக்கியது நாமேதான். சாவி கைக்கு வரும் சந்தோஷத்தில், மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கும் அவசரத்தில், இதை யார் படிக்கிறார்கள்? பேனாவால் அந்த வரியை அடித்து, பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டால் போதும். நான் அடித்தேன்.

இனி டீலர்கள் பக்கம் வருவோம். அவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் வாதாடவில்லை. அப்படி இருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை. நான் போன முதல் கடையில், வண்டி பற்றிச் சொன்ன எதையும் எழுதித் தர மறுத்தார்கள். "அதெல்லாம் எழுதித் தர்ற வழக்கம் இல்லீங்க சார், வாய் வார்த்தைதான்." இரண்டாவது கடையில் பில் கேட்டபோது, "நாங்க சும்மா கமிஷனுக்கு முடிச்சுத் தர்றவங்க. வண்டி ஓனரோடது, நீங்களும் ஓனரும் பேசிக்கங்க" என்றார்கள். இந்தப் பதில் மிக முக்கியமானது. டீலர் தரகராக விலகிக்கொண்டால் விற்பவர் மறுபடியும் தனிமனிதர் ஆகிவிடுகிறார், நாமும் என் 2019 நிலைமைக்கே திரும்பிவிடுகிறோம். பில் கடையின் பெயரில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

"பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறிடும் சார். நாலு லட்சத்துக்கு 72,000 ரூபாய் கூட வரும். எதுக்கு வீண் செலவு?" என்றும் அதே கடையில் சொன்னார்கள். கேட்டதும் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். உண்மை வேறு. 2025 ஜனவரி முதல் பழைய வண்டிகளுக்கு 18 சதவீதம் என்பது சரிதான். ஆனால் அது டீலரின் லாபத்தின் மீது. 3,50,000 ரூபாய்க்கு வாங்கி 4,00,000-க்கு விற்றால் வரி 50,000 ரூபாய்க்குத்தான், அதாவது 9,000. ஜிஎஸ்டி பதிவே இல்லாத கடை அந்த வரியை வசூலிக்கவே முடியாது. இந்தக் கணக்குக்குக் கார் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஏழாம் வகுப்புக் கணக்கு போதும்.

தரகர் என்று நழுவும் பழக்கத்தை அடைக்கத்தான் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் படிவம் 29ஏ-இல் விண்ணப்பித்து, 29பி என்ற அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும். அது ஐந்து ஆண்டு செல்லும். ஓனர் வண்டியைக் கடையில் ஒப்படைக்கும்போது 29சி மூலம் தகவல் தர வேண்டும். தந்த பிறகு, அந்த வண்டிக்கு டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். பெயர் மாற்றம், ஆர்சி புதுப்பித்தல், என்ஓசி ஆகியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். நான் கேட்ட முதல் இரண்டு கடைகளில் 29பி என்றால் என்ன என்றே கேட்டார்கள். மூன்றாவது கடையில் சுவரில் மாட்டியிருந்தது. கார் தெரியாத ஒருவர் நல்ல கடையையும் மற்றதையும் பிரித்தறிய இதைவிட எளிய அடையாளம் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சான்றிதழ் இருப்பதால் வண்டி நல்ல வண்டி ஆகிவிடாது. பிற்பாடு பிடித்துக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்கு அது சாட்சி.

முன்பெல்லாம் நடந்தது நினைவிருக்கும். ஓனரிடம் 29, 30 படிவங்களில் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, கடைக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் விற்பார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார். ஆர்சியில் மட்டும் பழைய பெயரே நிற்கும். அப்படி நான்கு கை மாறிய ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொன்னது. அசாமுக்குப் போய்விட்ட அதிகாரிகள் யாராவது இங்கே வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தால், இந்தத் தீர்ப்பு அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

"காரே தெரியாது, அப்புறம் எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்பார்கள். வண்டியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் போதும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். 15,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில் நான்கு டயரும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம். கண்ணாடிகளின் மூலையில் பொடி எழுத்தில் தயாரிப்பு ஆண்டின் குறி இருக்கும். ஒன்று மட்டும் வேறு ஆண்டைக் காட்டினால் அது உடைந்து மாற்றியதாக இருக்கலாம். இன்சூரன்ஸ் பாலிசியில் நோ க்ளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். க்ளெய்ம் இல்லாத ஆண்டுகள் கூடக் கூட அது 20-இல் தொடங்கி 50 வரை ஏறும். ஒரே ஓனர் ஐந்து ஆண்டு வைத்திருந்த வண்டியில் அது பூஜ்யமாக நின்றால், அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு கதை இருக்கும். ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் முடிந்த கடிதமும் படிவம் 35-உம் வேண்டும். வெளிமாநில எண் என்றால் படிவம் 28 என்ற தடையின்மைச் சான்று வேண்டும், தமிழ்நாட்டு ஆயுள் வரி தனி. வெலிங்டனில் நிறையப் பார்க்கும் பிஎச் எண் வண்டியை அந்த வரிசைக்குத் தகுதி இல்லாதவர் வாங்கினால், சாதாரண எண்ணுக்கு மாற்றி நம் மாநில வரியைக் கட்ட வேண்டும். பேக்கரிச் சுவரில் ஒட்டியிருக்கும் விலையில் இந்தச் செலவு இருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்வீஸ் கணக்கு. ஒவ்வொரு முறையும் எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், என்ன மாற்றினார்கள் என்று அதில் இருக்கும். மீட்டரைத் திருப்பியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். 2019-இல் அந்த ஒரு காகிதத்தை நான் கேட்டிருந்தால், 2016 ஜனவரி என்ற தேதியே எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். இன்ஜினைக் காதால் கேட்ட மச்சினனுக்கு அந்தக் காகிதம் தேவைப்படவில்லை. எனக்குத்தான் அது தேவைப்பட்டது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நம்மிடம் "கிலோமீட்டர் கம்மி" என்பதைப் பெரிய சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். இங்கே வண்டி ஓடுவது முதல், இரண்டாம் கியரில். ஏற்றத்தில் பாதிக் கிளட்சில் நிற்கிறது, இறக்கத்தில் பிரேக்கில் தொங்குகிறது. சமவெளியில் நீளமாக ஓடிய 60,000-ஐவிட, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் ஏறி இறங்கிய 20,000 கிளட்ச் பிளேட்டையும் பிரேக்கையும் அதிகம் தின்றிருக்கும். டிஎன் 43 எண்ணுக்கும் இப்போது ஒரு மோகம். 2024 மே மாதம் முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ், உள்ளூர் எண்ணுக்கு அது வேண்டாம் என்பதால். வசதிதான். ஆனால் அந்த எண்பலகை கிளட்சைப் பற்றி நல்லது எதுவும் சொல்லவில்லை.

மலையில் ஓட்டும் இந்த விஷயத்தைத்தான் நான் மூன்றாவது கடையில் பயன்படுத்தினேன். "ஆல்டோ இருக்கா, சான்ட்ரோ இருக்கா" என்று கேட்கவில்லை. பெயரைச் சொல்லி ஒரு குறிப்பிட்ட பிராண்டைக் கேட்டு வாங்கினால், தேவைக்குப் பொருந்த வேண்டும் என்ற முதல் விலக்கு நமக்குக் கிடைக்காமல் போகும் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். ஆகவே இப்படிச் சொன்னேன்: "எனக்குக் கார் பத்தித் தெரியாதுங்க. வெலிங்டன்ல இருக்கேன். தினமும் மலையில ஓட்டணும், மாசத்துக்கு ரெண்டு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறணும். எது சரிப்படும்னு நீங்கதான் சொல்லணும்."

கடைக்காரர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். முதலில் நான் கண் வைத்திருந்த வண்டியைக் காட்டி, "அப்ப இது உங்களுக்கு வேண்டாங்க சார், ஏத்தத்துல இழுக்காது" என்றார். வேறொன்றைக் காட்டினார். எழுதித் தருவீர்களா என்றேன். "எழுதறதுல ஒண்ணும் இல்லீங்க. ஆனா ஆறு மாசம்னு எழுத மாட்டேன். இன்ஜின், கியர்பாக்ஸ் மூணு மாசம். மத்தபடி நான் வாயில சொன்னதை எல்லாம் எழுதறேன்." கடையின் லெட்டர்பேடில் எழுதினார். இரண்டாவது ஓனர் வண்டி. 48,600 கிலோமீட்டர், மீட்டரில் கை வைக்கவில்லை. தண்ணீரில் நின்றதில்லை, சேஸிஸ் வரை அடிபட்ட விபத்து இல்லை. கடனோ செலானோ பாக்கி இல்லை. கடைசி வரியை நான் சொல்லச் சொல்ல எழுதினார்: வாங்குபவர் தமக்கு வாகன அறிவு இல்லை என்று தெரிவித்து, மலைப்பாதையில் தினமும் ஓட்டுவதற்கென்று கேட்டு, எங்கள் பரிந்துரையின் பேரில் வாங்குகிறார்.

ஆறாவது வாரம் பர்லியாறு தாண்டிய ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தது. கடைக்காரரை அழைத்தேன். முதலில், மலைமேல் ஓட்டியதால்தான் என்றார். காகிதத்தின் கடைசி வரியைத் தொலைபேசியில் வாசித்தேன். வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். 18 நாள் பிடித்தது, அதுவரை பஸ்ஸில் போய்வந்தேன். கியர் ஆயிலுக்கு மட்டும் என்னிடம் பணம் வாங்கினார். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கொடுத்தேன். கியர்பாக்ஸ் இன்றுவரை நழுவவில்லை.

"கோர்ட்டு, கேஸு என்று நம்மால் அலைய முடியுமா? சட்டம் ஏட்டில்தான்" என்ற எதிர்வாதம் இங்கே உறுதியாக வரும். அலைய வேண்டியிராத அளவுக்குச் சட்டம் நம் பக்கம் நெருங்கி வந்திருப்பது பலருக்குத் தெரியவில்லை. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வெலிங்டன்காரருக்கு அது ஊட்டி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 1915 என்ற எண்ணில் அழைத்தும் குறையைப் பதியலாம். வழக்கு தாமதமாகலாம், அதை மறுக்கவில்லை. என் விஷயத்தில் ஆணையத்தின் படியை நான் மிதிக்கவே இல்லை. காகிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. எழுதித் தரவும் பில் போடவும் மறுத்த இரண்டு கடைகளும் மறுத்ததன் மூலம் எனக்கு வேண்டிய தகவலைத் தந்துவிட்டன.

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலரிடம் வாங்கிய வண்டியில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்தது என்று எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது டீலர் வேலை. தனி ஆளிடம் வாங்கினால் இந்த உரிமை அங்கேயும் இல்லை. அமெரிக்காவில் 1985 முதல், டீலர் விற்கும் பழைய காரின் கண்ணாடியில் வாரண்டி உண்டா இல்லையா என்று சொல்லும் தாளை ஒட்டியாக வேண்டும். தெரியாதவனே தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று அந்த ஊர்களின் சட்டம் எதிர்பார்க்கவில்லை. தெரிந்தவன் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது. நம் ஊரிலோ ஏமாந்தவரைப் பார்த்து, "உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, ஏன் போனே?" என்கிறோம். மருத்துவம் தெரியாமல் மருத்துவரிடம் போகிறோம், தங்கம் தெரியாமல் நகைக்கடைக்குப் போய் ஹால்மார்க் கேட்கிறோம். கார் கடைக்கு மட்டும் ஏன் பாதி மெக்கானிக்காகப் போக வேண்டும்?

இந்த ஏப்ரலிலும் சுவரில் காகிதங்கள் ஒட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு பெண், நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வர ஒரு சின்ன வண்டி தேடுகிறாள். அவள் அப்பா, "ஆபீசர் வண்டி ஒண்ணு வந்திருக்கு, உங்க மச்சினனைக் கொஞ்சம் வந்து பார்க்கச் சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் என் லெட்டர்பேடுக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து, "இதையும் எழுதித் தருவாங்களா அங்கிள்?" என்று கேட்டாள்.

"முதல் கடையில எழுத மாட்டாங்கம்மா. அடுத்த கடைக்குப் போ" என்றேன். சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அப்பாவும் மகளும் கிளம்பிப் போனார்கள்.